பெறுநர் இல்லாத விண்ணப்பம்

போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ என்று குழப்பம் வேண்டாம், தேதியோடவே சொல்லிடறேன். 2025 மே 8, வியாழக்கிழமை. ஜலந்தர். காலையில் ஒன்பதரை மணிக்கு கிளையின் ஷட்டரைத் தூக்கி உள்ளே நுழையறேன், எங்க கார்டு பின்னாடியே என் கேபினுக்குள் வந்துட்டார்.

"மேனேஜர் சாப், இங்கிலீஷ்ல ஒரு அப்ளிகேஷன் அடிச்சுக் கொடுக்கணும்."

மகளுக்கு எஜுகேஷன் லோன் வேணும்னு ஒரு மாசமாகச் சொல்லிக்கிட்டிருந்தார். அதுவாத்தான் இருக்கும்னு ஃபாரத்தை எடுத்தேன். "அது இல்லை சாப், நான் திரும்பப் போறேன்னு எழுதணும்" என்றார்.

எங்கே போறார்? பட்டாளத்துக்கு.

ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றது, மே 7 அதிகாலையில் ஆபரேஷன் சிந்தூர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நம்ம ஊரில் அது டிவியில் ஓடிய சமாச்சாரம். இங்கே அப்படி இல்லை. ஆதம்பூர் விமானத்தளம் பக்கத்தில்தான் இருக்கு. ராத்திரியில் ஊரையே அணைச்சுட்டு, ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிட்டு, குழந்தைகளை நடுக்கூடத்தில் படுக்க வைத்த நாட்கள் அவை. வேலூரிலிருந்து அம்மா மணிக்கொரு தரம் போன் போட்டு "ஊருக்கு வந்துடுப்பா" என்று அழுதுகிட்டிருந்தாங்க. பிராஞ்சைப் பூட்டிட்டு எங்கே வர்றது? அது வேற கதை.

எங்க கார்டை கிளையில் எல்லாரும் ஹவல்தார் சாப் என்றுதான் கூப்பிடுவோம். பீரங்கிப் படையில் 24 வருஷம். 1999-ல் கார்கில் சண்டையின்போது 23 வயசு. திராஸில் போஃபர்ஸ் பீரங்கிக்குக் குண்டு ஏற்றிக் கொடுத்தவர். அந்த இரைச்சலில் இடது காது பாதி போச்சு. அதனால் அவரிடம் பேசும்போது வலது பக்கமா நின்னு பேசணும், எங்க கிளையில் புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாள் பாடமே இதுதான். 2019-ல் ரிடையர் ஆகி, இரட்டைக்குழல் துப்பாக்கியோடு எங்க வாசல் ஸ்டூலுக்கு வந்தார். இப்போ அவர் வேலை என்னன்னா, டோக்கன் மிஷினில் பேப்பர் மாட்டுவது, பாஸ்புக் பிரிண்டர் ஓடலைன்னு கத்தறவங்களைச் சமாதானப்படுத்துவது.

சரி, உட்கார்ந்து அடிச்சேன். பெயர், எண், ரேங்க், எத்தனை வருஷம், எந்தெந்த இடம். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன், சம்பளம் வேண்டாம், துப்பாக்கி கொடுக்கலைன்னாலும் பரவாயில்லை, மூட்டை தூக்கக்கூடத் தயார். அவர் சொல்லச் சொல்ல அடிச்சிட்டு மேலே வந்தால் "பெறுநர்".

"யாருக்கு சாப் அனுப்பணும்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பழைய ரெஜிமெண்டுக்கா? கலெக்டருக்கா? (இங்கே டிசி என்பார்கள்.) ஜில்லா சைனிக் அலுவலகத்துக்கா? அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "நீங்க மேனேஜர், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். இருபது வருஷத்துக்கும் மேலா ஆபீஸ் கடிதம் எழுதித்தான் சோறு தின்கிறேன். பெறுநர் தெரியாமல் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க பெரியப்பா 1962-ல் சீனச் சண்டை நேரத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர். 65, 71 இரண்டும் பார்த்தவர். எங்க வட ஆற்காட்டுப் பக்கம் தெருவுக்கு இரண்டு பட்டாளத்துக்காரர் இருப்பாங்க, அதிசயமே இல்லை. கார்கில் சமயத்தில் நான் பி.காம். படிச்சுக்கிட்டிருந்தேன். பெரியப்பாவுக்கு 56 வயசு. ஊரில் கார்கில் நிதி வசூல் கூட்டம் நடந்தது, இவரும் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுக் கிளம்பினார். ராத்திரி திரும்பி வந்து தோளில் இருந்த பொன்னாடையை உருவித் திண்ணையில் போட்டார். "ஏதாச்சும் வேலை குடுப்பானுங்கன்னு போனேன்டா. மாலை போட்டு மேடையில குந்த வச்சிட்டானுங்க" என்றார். பெரியம்மா அந்தப் பொன்னாடையை மடிச்சு பீரோவில் வைத்தாங்க. அவர் அப்புறம் அதைத் தொடவே இல்லை. எனக்கு அன்றைக்கு அது புரியலை. மரியாதை செஞ்சா சந்தோஷப்படாமல் இந்த மனுஷன் ஏன் கோபப்படறார்னுதான் நினைத்தேன்.

ஹவல்தார் சாப் அன்றைக்கு என் எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

அந்த நாலு நாளும் அவரைக் கவனிச்சுக்கிட்டே இருந்தேன். பழைய யூனிட் பசங்களுக்குப் போன் போட்டார், ஒருத்தர் போனும் கிடைக்கலை. எந்த யூனிட் எங்கே நிற்குதுன்னு கேட்கக்கூடாது, கேட்டாலும் சொல்லக்கூடாது. அது அவருக்கே தெரியும். 24 வருஷம் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர்தானே. அந்த ரகசியத்துக்கு வெளியே தானும் ஒரு ஆள் என்பதுதான் புதுசு. எனக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும், அதுவும் டிவி சொன்னால்தான்.

டிவியோ... என்னத்தைச் சொல்ல. மே 8 ராத்திரி கராச்சி துறைமுகமே காலி என்று சில சேனல்களில் அடிச்சு விட்டாங்க. மறுநாள் காலையில் வர்ற கஸ்டமரெல்லாம் "ஃபௌஜி சாப், கராச்சி போச்சாமே?" என்று இவரைக் கேட்கறாங்க. "நான் இங்கே கதவு திறந்து விடறேன் ஜி, எனக்கு என்ன தெரியும்" என்றார். காலர் போன துறைமுகம் எல்லாம் அப்படியேதான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அதைவிடக் கொடுமை, சேனல்கள் பரபரப்புக்காக வான்தாக்குதல் சைரனைப் போட்டுக்கிட்டே இருந்தது. கஸ்டமர் யாராவது போனில் நியூஸ் வைத்தால் போதும், இவர் ஸ்டூலை விட்டு எழுந்து நிற்பார். டிவி சைரன்தான்னு தெரிந்ததும் உட்காருவார். நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் பயன்படுத்தாதீங்கன்னு மே 10-ல்தான் அரசாங்கத்திடமிருந்து அறிவுறுத்தல் வந்தது.

அந்த டிவியிலேயே இன்னொன்றும் பார்த்தேன். ரிடையர் ஆன ஜெனரல்கள், ஏர் மார்ஷல்கள் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக உட்கார்ந்திருந்தாங்க. அவங்களைக் குறை சொல்லலை, நிதானமாகப் பேசியவர்களும் உண்டு. ஆனால் போர் வந்தால் ரிடையர் ஆன ஜெனரலுக்கு ஒரு நாற்காலி இருக்கு. ஹவல்தாருக்கு இல்லை.

அந்த வாரத்தில் மனுஷன் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். ஏடிஎம் எல்லாம் இரண்டு மூன்று நாள் மூடிடுவாங்க என்று வாட்ஸப்பில் ஒரு புரளி கிளம்பியது. பொய்ச் செய்தி என்று அரசுத் தரப்பில் மறுப்பு வந்தும் யார் கேட்கறா? மே 9 காலையில் எங்க ஏடிஎம் வாசலில் தெரு முனை வரை கூட்டம், தள்ளுமுள்ளு. நான் வியர்த்துப் போய் ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டுக்கிட்டிருந்தேன். ஹவல்தார் சாப் வெளியே போனார். குரலை உயர்த்தலை. பெண்கள் ஒரு வரிசை, வயசானவங்களுக்கு நிழலில் நாற்காலி, பத்துப் பத்துப் பேராக உள்ளே. அரை மணியில் அது ராணுவ கேண்டீன் க்யூ மாதிரி ஆயிடுச்சு. சாயந்திரம் வரை டீ கூடக் குடிக்கலை.

அன்று ராத்திரி நடந்ததை அடுத்த நாள் போனில் சொன்னார். இருட்டடிப்பு நேரத்தில் அவர் காலனியில் சோலார் விளக்குகள் எரிந்துகிட்டிருந்திருக்கு. மெயின் ஆஃப் பண்ணினால் அது அணையாது இல்லையா. இவர் கோணிப்பையும் கயிறும் எடுத்துக்கிட்டு ஒவ்வொன்றாக மூடிக் கட்டப் போயிருக்கார். ஜாக்கெட் போட்டு விசில் வைத்திருந்த காலேஜ் பையன்கள் வந்து, "அங்கிள், நீங்க வீட்டுக்குள்ளே போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிட்டாங்க. இவரும் "சரி பேட்டா" என்று போயிட்டார். பசங்க மேலே தப்பே இல்லை. ராத்திரி நேரத்தில் தெருவுக்கு வந்து நின்றானுங்களே, அதுவே பெரிசு. அவங்களுக்கு இவர் யாரென்று தெரியாது. தெரிய வைக்க ஒரு ஏற்பாடும் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். முன்னாள் வீரர்களுக்கு நாம மரியாதை கொடுக்கறதில்லைன்னு வழக்கமா ஒரு புலம்பல் உண்டு. எனக்கென்னவோ மரியாதை போதுமான அளவு இருக்குன்னுதான் தோணுது. ஜனவரி 26-க்குக் கூப்பிடறோம், சால்வை போடறோம், ஆகஸ்ட் 15-க்கு மறுபடி கூப்பிடறோம். வேலைவாய்ப்பிலும் இடம் இருக்கு. பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் பதவியில் 14.5 சதவீதம், கடைநிலைப் பதவிகளில் 24.5 சதவீதம் அவங்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் ஒதுக்கீடு. அதெல்லாம் சமாதான காலத்துக்கு. சண்டை வந்தால் இவங்க என்ன செய்யணும் என்று யாரும் யோசித்து வைக்கலை.

வருஷத்துக்கு சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். ஏதோ தாத்தாக்கள் என்று நினைச்சுடாதீங்க. சிப்பாயாகவே வெளியே வர்றவருக்கு வயசு நாற்பதுகூட இருக்காது. என்னைவிடச் சின்னவங்க, என்னைவிட மூன்று மடங்கு தெம்பு. காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஒயர்லெஸ்ஸில் பேசுவது, ஜெனரேட்டர் ஓட்டுவது, பதறுகிற கூட்டத்தைப் பதறாமல் நிறுத்துவது என்று ஒவ்வொருத்தருக்கும் ஒன்று கைவசம் இருக்கு. மே 7 அன்று நாடு முழுக்க 244 மாவட்டங்களில் சிவில் டிஃபென்ஸ் ஒத்திகை என்று அறிவித்தாங்க. சண்டிகரில் தொண்டர்கள் வேணும்னு கூப்பிட்டதும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் நின்றாங்க. அதே மாவட்டங்களில் தெருவுக்குத் தெரு பயிற்சி முடித்த ஆள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்.

விலாசம் தெரியாதோ என்றால், அதுவும் இல்லை. நான் பேங்க்காரன், சொல்றேன் கேளுங்க. ஸ்பர்ஷ் வருவதற்கு முன் ராணுவப் பென்ஷன் கணக்கைப் பெரும்பாலும் நாங்கதான் பார்த்தோம். பெயர், ரேங்க், பிறந்த தேதி, எத்தனை வருஷ சர்வீஸ், வீட்டு விலாசம், எல்லாம் பென்ஷன் ஆணையிலேயே இருக்கும். இப்போ அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கேன்னு நிரூபிக்கணும். மாவட்ட சைனிக் அலுவலகத்தில் அடையாள அட்டைக்கான பதிவேடும் உண்டு. ஆக, பென்ஷனை நிறுத்தறதுக்கு அரசாங்கத்துக்கு ஆளைத் தெரியும். கூப்பிடறதுக்குத்தான் தெரியலை.

எங்க கஸ்டமர் ஒரு ரிடையர்டு கர்னல். அவரிடம் இதைச் சொன்னேன். சிரிச்சார். "உன் ஹவல்தார் விட்டு வந்து ஆறு வருஷம் ஆச்சு. இப்போ டிரோன் சண்டை. பழைய ஆள் ஆர்வத்தில் முன்னாடி போனால் இருக்கிறவங்களுக்குத் தொந்தரவுதான்" என்றார். டெரிடோரியல் ஆர்மி என்று ஒன்று இருக்கே என்றேன். 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐக் கூப்பிட்டுக்க அந்த மே மாதம்தான் ராணுவத் தளபதிக்கு அனுமதி கொடுத்திருந்தாங்க. "அதில் சேர 42 வயசுக்குள் இருக்கணும்" என்றார். சரிதான், ஒத்துக்கறேன். யாரும் இவரைத் திராஸுக்கு அனுப்பச் சொல்லலை. சோலார் விளக்குக்குக் கோணி கட்டவும், தண்ணீர் தொட்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் காவல் நிற்கவும் டிரோன் பட்டப்படிப்பு வேணுமா என்ன?

ஜம்மு காஷ்மீரில் செய்தாங்களே. 4,000 முன்னாள் வீரர்களைத் தொண்டர்களாகக் கண்டுபிடித்து முக்கியமான இடங்களுக்குக் காவல் போட ஏற்பாடு. அதில் 435 பேரிடம் சொந்தத் துப்பாக்கி லைசென்ஸோடு இருந்தது. சைனிக் அலுவலர்கள் மூலமாகவே வேலையைப் பிரித்துக் கொடுத்தாங்க. நல்ல காரியம். ஆனால் அந்த அறிவிப்பு வந்தபோது சண்டை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது! இதே பட்டியலை அமைதியான ஒரு ஜனவரி மாதத்தில் எல்லா எல்லை மாவட்டங்களிலும் போட்டு வைக்க என்ன செலவாகும்? 1968-லிருந்து சிவில் டிஃபென்ஸ் சட்டம் இருக்கு. தெருவுக்கு இரண்டு பேர், அவர் பெயர், போன் நம்பர், சைரன் அடித்தால் அவர் போய் நிற்க வேண்டிய இடம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இனிமேல் இது இன்னும் சிக்கலாகும். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம் முடித்ததும் நாலில் ஒருவருக்குத்தான் தொடர்ந்து வேலை. மற்றவர்கள் இருபதுகளிலேயே வெளியே. பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. பென்ஷன் கணக்கு, சைனிக் அலுவலகப் பதிவேடு, இந்த இரண்டிலும் வராத ஆட்கள். அடுத்த தடவை அவங்களை எந்த நோட்டில் தேடுவாங்கன்னு தெரியலை.

மே 10 சாயந்திரம் ஐந்து மணிக்குச் சண்டை நின்றது. அடுத்த வாரம் கிளை பழையபடி. நகைக்கடன், கேஒய்சி, பாஸ்புக். ஹவல்தார் சாப் டோக்கன் மிஷினுக்குப் பேப்பர் மாட்டிட்டு உள்ளே வந்தார். அந்த லெட்டரைக் கிழிச்சுடலாமா என்று நான்தான் கேட்டேன். "இருக்கட்டும் சாப்" என்றார். "யாருக்குன்னு தெரிஞ்சதும் பேரை மட்டும் போட்டுக்கலாம்."

இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கு. படிக்கிற உங்களில் பட்டாளத்துக்காரங்க, கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கறவங்க நிச்சயம் இருப்பீங்க. யாருக்கு அனுப்பணும்னு தெரிஞ்சா சொல்லுங்க, அன்றைக்கே தபாலில் சேர்த்துடறேன்.