தொழில் வாயிலிலே சட்டம்

மலைநாட்டுப் புகையிரதப் பாதையிற் பயணஞ் செய்த அன்பர்களுக்குப் பட்டிப்பொல என்னும் பெயர் புதியதன்று. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில், இலங்கைப் புகையிரத நிலையங்கள் யாவற்றினும் உயர்ந்ததாகப் பனிமூட்டத்துள் நிற்கும் சிறு நிலையம் அது. நானுஓயாவைத் தாண்டி இவ்வழியாக அப்புத்தளை வரை இருப்புப் பாதை சென்றது 1893ஆம் ஆண்டில். ஹோட்டன் சமவெளியைக் காண விழைந்தோர் அங்கே இறங்கினர். அயலிலுள்ள தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளோ, பரீட்சைச் சான்றிதழ்களை ஓர் உறையிலிட்டுக்கொண்டு, கொழும்பிலே வேலை தேடுவதற்காக அங்கே ஏறினர். இறங்கியோரைப் பற்றிப் பிரயாண நூல்கள் பல எழுந்துள்ளன. நாம் இங்கு ஏறியோரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

அத்தகைய பிள்ளையொருவன் தனியார் நிறுவனமொன்றின் வாயிலிலே நிற்பதாகக் கொள்வோம். கல்வித் தகைமை இருக்கின்றது. மூன்று மொழிகளும் ஓரளவு பேசுகின்றான். பிறந்த இடம் யாது, தந்தையின் தொழில் யாது என்று கேட்டறிந்த பின்னர், "அறிவிப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடுகின்றனர். அறிவித்தல் வருவதேயில்லை. தோட்டத்திலே பிறந்தவன் என்பதே தான் விலக்கப்பட்டதற்குக் காரணம் என்பதை அவன் நன்கு அறிவான். அவன் எந்த மன்றுக்குச் சென்று முறையிடலாம்? இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் தரும் விடை மௌனமே. இந்த மௌனம் இனியும் நீடித்தல் தகாது என்பதே நம் கருத்து.

குறையைக் கூறுமுன் உள்ளதைக் கூறுதல் நேர்மை. தொழிலுக்குட் புகுந்துவிட்ட ஒருவரைக் காக்கும் சட்டங்கள் நம் நாட்டில் நிரம்ப உள. அவை எளிதில் வந்தவையுமல்ல. ஒரு காலத்திற் சட்டமே பாகுபாட்டைக் கையாண்டது. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்த பட்சச் சம்பளம் விதித்த 1927ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அதிகாலையில் எழுந்து, கூடையை முதுகிலே கட்டி, கொழுந்தெல்லாம் பறித்துத் தொழிற்சாலையை வாழவைத்தவள் பெண். 11 சதம் குறைத்து வாங்கியவளும் அவளே. பின்வந்த சம்பளச் சபை ஏற்பாட்டிலும் இவ்வேற்றுமை தொடர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது 1984இலே, அதுவும் ஒரு பெரும் வேலைநிறுத்தத்தின் பின்னரே. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொண்டாலும் கதை இதுதான். மூன்றாம் பிள்ளையைப் பெறும் தாய்க்கு முதலிரு பிள்ளைகளுக்கு உரிய 84 நாள் விடுமுறையிற் பாதியே அளிக்கப்பட்டு வந்தது; அவ்வேற்றுமை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேதான் நீங்கிற்று. மூன்றாம் பிள்ளைக்குப் பாதித் தாய்ப்பால் போதும் என்று சட்டமியற்றியோர் எண்ணினர் போலும்.

இவை தவிர, வேலை நீக்கத்துக்கு எதிராக முறையிடத் தொழில் நியாயசபைகள் 1957இலும், ஊழியர் சேமலாப நிதி 1958இலும், பணிக்கொடைச் சட்டம் 1983இலும் வந்தன. இவற்றின் பயனை யாம் குறைத்து மதிப்பிடவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் வீடும் போகும் என்பது ஏனைய தொழிலாளர் அறியாத துயரம். லயத்து அறை துரைத்தனத்துக்கு உரியது, வேலைக்காக அளிக்கப்பட்டது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் அறையை விட்டு வெளியேறாவிடின், அவன்மீது அத்துமீறிப் புகுந்த குற்றஞ் சாட்டிப் பொலிசாரைக் கொண்டு நீதிமன்றத்திலே நிறுத்துவது வழக்கமாயிருந்தது. 1950ஆம் ஆண்டிலே செல்வநாயகம் என்பவரின் வழக்கில் பிரிவிக் கவுன்சில் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. போக்கிடமின்றித் தன் வசிப்பிடத்திலே தொடர்ந்திருப்பவனை, துரையைச் சினமூட்டும் நோக்கத்தோடு இருக்கின்றான் எனக் கொண்டு குற்றவாளியாக்குதல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். இலண்டனிலிருந்த பிரபுக்களுக்கு விளங்கிய இவ்வெளிய உண்மை, நுவரெலியாவுக்கு அண்மையிலிருந்தோர் பலருக்கு விளங்காதது வியப்பே.

இனி, வாயிலுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைக் கூறுகின்றது. அதன் இரண்டாம் உட்பிரிவு இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் என்பவை காரணமாகப் பாகுபாடு காட்டலாகாது என்கின்றது. கேட்க இனிதாயிருக்கின்றது. ஆயினும் அந்த உட்பிரிவு பேசுவது பிரசைகளைப் பற்றியே. மேலும், இவ்வுரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றத்திடம் முறையிடுவது அரசின் நிருவாக, ஆட்சித்துறைச் செயலுக்கு எதிராகவே இயலும். அதுவும் ஒரு மாதத்துள். தனியார் முதலாளி இவ்வுறுப்புரைக்கு எட்டாத் தொலைவில் இருக்கின்றார்.

தோட்ட மக்களின் வரலாற்றோடு இவ்விரு நிபந்தனைகளையும் பொருத்திப் பார்க்குங்கால் ஒரு கொடிய முரண் புலப்படும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1975இலே கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, அரசே முதலாளியாயிற்று. 1978இல் 12ஆம் உறுப்புரையும் பிறந்தது. ஆனால் அப்போது தொழிலாளருட் பலர் இன்னும் பிரசைகளல்லர். பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் பிரசாவுரிமை கிடைத்தது. அதற்கிடையில் 1992இலே தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றுவிட்டது. அரசு முதலாளியாயிருந்த காலத்தில் அவர் பிரசையல்லர். பிரசையான காலத்தில் முதலாளி அரசன்று. இதே உறுப்புரையின் மூன்றாம் உட்பிரிவு கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் புகுவதற்கு இனம், சாதி முதலியன தடையாகலாகாது என விதிக்கின்றது. ஆகவே, நம் இளைஞன் கடைக்குள் வாடிக்கையாளனாகச் செல்லலாம். அக்கடையிலே வேலை கேட்டுச் சென்றாற் காப்பில்லை.

அரசுத் துறையிலேயே இவ்வுரிமை எவ்வளவு கடிதாக இருந்தது என்பதற்குக் கோடீஸ்வரன் வழக்குச் சான்று. நம் தலைமுறையினர் அதனை நன்கறிவர். இளையோர் பொருட்டுச் சுருக்கமாகக் கூறுவோம். கேகாலைக் கச்சேரியிலே கடமையாற்றிய எழுதுவினைத் தர உத்தியோகத்தரான அவர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தவில்லை என்பதற்காக, 1961 டிசெம்பரில் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கையின்படி 1962இலே அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு மாறானதாகையால் 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் செல்லாது என 1964இலே கொழும்பு மாவட்ட நீதிபதி தீர்த்தார். அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிமீது வழக்கிடவே முடியாது என 1967இல் மேன்மன்றம் அதனைத் தள்ளிற்று. வழக்கிட முடியும் என்று 1969 டிசெம்பரில் பிரிவிக் கவுன்சில் கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் மூலவினாவைத் திருப்பி அனுப்பிற்று. அதற்குள் அந்த மேன்முறையீட்டு வழியும் மூடப்பட்டு, 1972இல் 29ஆம் பிரிவும் மறைந்தது. மூலவினா விடையின்றியே மாண்டது. ஆயினும் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிடும் உரிமையை அத்தீர்ப்பால் அரச ஊழியர் யாவரும், சிங்களவரும் உட்பட, பெற்றனர் என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

அதே 1964ஆம் ஆண்டு ஒக்ரோபரில், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க ஐக்கிய நாடு தன் குடியியல் உரிமைகள் சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டத்தின் ஏழாம் பகுதி, இனம், நிறம், மதம், பால், தேசியத் தோற்றம் ஆகிய காரணங்களால் வேலை தர மறுப்பதையும் வேலையிற் பாகுபாடு காட்டுவதையும் தனியார் முதலாளிக்கும் விலக்கிற்று. முறைப்பாடுகளை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவையும் நிறுவிற்று. அந்நாட்டவரை நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1935இலே தொழிற்சங்க உரிமைச் சட்டம் இயற்றியபோது பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் அதிலிருந்து விலக்கிவைத்தவர்களும் அவர்களே. ஆயினும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கை மலையகத்தை அறிந்தோர் யாவரும் கற்றல் வேண்டும்.

வட கரோலினாவிலே டியூக் மின்சாரக் கம்பனியின் நிலையமொன்றில் கறுப்பினத்தவர் கூலிப் பகுதியில் மாத்திரமே வேலை செய்தனர். அப்பகுதியின் அதியுயர்ந்த சம்பளம் ஏனைய பகுதிகளின் அதிகுறைந்த சம்பளத்திலும் குறைவு. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே கம்பனி, ஏனைய பகுதிகளிற் சேர்வதற்குப் பொது அறிவுப் பரீட்சைகளையும் உயர்பள்ளிச் சான்றிதழையும் வேண்டும் என்றது. எவர் நிறத்தையும் அது கூறவில்லை. கிரிக்ஸ் என்பவரும் தோழரும் தொடுத்த வழக்கில் 1971இலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்த்தது: வேலைக்கு வேண்டாத நிபந்தனையொன்று ஓரினத்தாரை விலக்குமாயின், முதலாளியின் நோக்கம் யாதாயினும் அது பாகுபாடே.

இந்நெறியை நம் விண்ணப்பப் படிவங்களின்மேல் வைத்துப் பார்ப்போம். "நிரந்தர முகவரி" என்று ஒரு கட்டம் உண்டு. லயத்து அறைகளிற் பலவற்றுக்குத் தனி முகவரியே இருந்ததில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, நேர்முகப் பரீட்சை நாள் கடந்தபின் உரியவரை அடைந்த கதைகள் பல. "தந்தையின் தொழில்" என இன்னொரு கட்டம். கணக்கெழுதும் வேலைக்குத் தந்தை கவ்வாத்து வெட்டுபவரா, கச்சேரி உத்தியோகத்தரா என்பதை அறிந்து ஆவதென்ன? இக்கட்டங்கள் எவரையும் இகழவில்லை, ஆனால் பிரித்துவிடுகின்றன.

தன் பணத்தைக் கொடுத்துத் தனக்கு வேண்டியவரை அமர்த்துவது முதலாளியின் உரிமையன்றோ என்பர் சிலர். அவ்வுரிமைக்குள் நம் சட்டம் ஏற்கெனவே புகுந்துள்ளது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரை ஆட்சேர்ப்பிற் பாகுபடுத்தலாகாது என்கின்றது. 1999ஆம் ஆண்டின் தொழிற்பிணக்குத் திருத்தம், சங்கத்திற் சேராதிருத்தலை வேலைக்கு நிபந்தனையாக்குவதை விலக்குகின்றது. வேலையிற் பாகுபாடு பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை நம் அரசு 1998இலே ஏற்று ஒப்பமிட்டும் உள்ளது. இன, பிறப்பிட, பால் வேறுபாடுகளுக்கும் அவ்வாறே ஒரு பொதுச் சட்டம் இயற்றுதல் புதுமையாகாது. சிறு கடைகளை வருத்தும் என்றஞ்சுவோருக்கும் வழியுண்டு. பணிக்கொடைச் சட்டம் பதினைந்து ஊழியர் உள்ள நிறுவனத்திலிருந்து தொடங்குகின்றது. அமெரிக்கச் சட்டத்தின் இன்றைய எல்லையும் பதினைந்தே. நிரூபித்தல் அரிது என்பது மெய். அதனாலேயே, தகைமையுள்ளவர் விலக்கப்பட்டார் எனக் காட்டியபின், காரணங் கூறும் பொறுப்பை முதலாளிமேல் வைத்தல் வேண்டும்.

பிறரைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. "மலைநாட்டிலிருந்து வீட்டு வேலைக்கு ஒரு பெட்டை எடுத்துத் தா" என்னும் வேண்டுகோள் யாழ்ப்பாணத்து வீடுகளிற் கேட்டது சிலமுறை மாத்திரமன்று. அவ்வாறு வந்தோருக்குச் சேமலாப நிதியுமில்லை, பணிக்கொடையுமில்லை. வீட்டு வேலையை அவ்விரு சட்டங்களும் புறத்தே நிறுத்தியுள்ளன. "தோட்டக்காட்டான்" என்னும் சொல்லைச் செய்து வழங்கியவர் தமிழரே. கோடீஸ்வரனுக்கு நீதி வேண்டிக் குரல்கொடுத்த நம்மவர், தம் கடையின் கல்லாவிலே மலையகத்தானை அமர்த்தத் தயங்கியதும் உண்டு.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் முகாமையாளர், கணக்காய்வாளர், வங்கி அதிகாரிகள் பலர் உளர். நேர்முகப் பரீட்சை மேசையின் அப்புறத்திலே அமர்வோர் அவர்கள். சட்டம் வரும்வரை காத்திராமல், தம் படிவங்களிலிருந்து தந்தையின் தொழிலையும் பிறப்பிடத்தையும் அவர்கள் நாளையே நீக்கிவிடலாம். சட்டத்தரணிகளும் பலர் உளர். வேலை நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பித்தல் வேண்டும் என்பது தோட்டங்களிற் பலருக்குத் தெரியாமலே அக்காலம் கழிந்துவிடுகின்றது. மாதத்தில் ஒரு ஞாயிறு, அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் இருவர் அமர்ந்து, இம்மனுக்களைத் தமிழிலே கட்டணமின்றி எழுதிக் கொடுப்பராயின், அதற்கான பிரயாணச் செலவைச் சங்கம் ஏற்றல் தகும். விழா நிதியில் எஞ்சும் தொகையை இதற்கு ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம்.