கல்லுக்கு உண்டு, காகிதத்துக்கு இல்லை

திருத்தணியின் தொன்மைக்குச் சான்று தேடுவோர் அலைய வேண்டியதில்லை. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவ மன்னன் அபராஜிதவர்மன் தானே பாடியதாகக் கூறும் தமிழ்ப்பாடல் கல்லில் நிற்கிறது. 1977இல் அருகிலுள்ள வேலஞ்சேரியில் கிடைத்த செப்பேடுகளில் ஒரு தொகுதி அதே அபராஜிதனுடையது. மற்றொன்று முதற் பராந்தக சோழனுடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் எந்த மன்னன் யாருக்கு என்ன கொடுத்தான் என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஆனால் நூறாண்டுகளுக்கு முன் அவ்வூரின் பஜனை மடங்களில் யார் கூடினார்கள், எதற்குப் பணம் திரட்டினார்கள், எதில் பிணங்கினார்கள் என்று கேட்டால் விடை எளிதில் வராது. கல்லுக்கும் செம்புக்கும் கிடைத்த மரியாதை காகிதத்துக்குக் கிடைக்கவில்லை என்பதே நம் வருத்தம்.

இதை எண்ணும்போதெல்லாம் நமக்குக் குவேக்கர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலானோரால் தோன்றிய சிறிய கிறித்தவக் குழுவினர் இவர்கள். பூசகர் இல்லை, கூட்டத்தில் வாக்கெடுப்பும் இல்லை. கருத்து திரண்டதும் எழுத்தர் அதைக் குறிப்பாக எழுதி, அங்கேயே படித்துக் காட்டுவார். கூடியிருப்போர் ஒப்பினால்தான் அது முடிவு. ஆகவே எழுதுவதும் எழுதியதைக் காப்பதும் அவர்களுக்கு வழிபாட்டோடு ஒட்டிய வேலையாயிற்று. லண்டனில் அவர்களுடைய நூலகத்தின் தொடக்கம் 1673. திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட மறுத்ததற்காகச் சிறை சென்றோர், பொருள் பறிகொடுத்தோர் பற்றிய குறிப்புகள் மட்டுமே 44 பெருந்தொகுதிகள். 1840இல் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தபோது, சுருக்கப் படிகளை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே ஒப்படைத்தார்கள்.

குடும்பத் தாள்களும் அப்படியே. ஸ்வார்த்மூர் மாளிகையில் சாரா ஃபெல் என்ற பெண் 1673 முதல் 1678 வரை எழுதிய வீட்டு வரவு செலவுக் கணக்கு 1920இல் நூலாகவே அச்சேறியது. வீட்டுச் செலவுகளையும் கூலியையும் எழுதிய ஒரு சாதாரணக் கணக்கேடு இன்று வரலாற்றறிஞர்களின் மூலநூல். நம் வீடுகளிலும் இத்தகைய கணக்கு நோட்டுகள் இருந்தன. அவை பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறின.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர், அடிமை முறை தவறு என்று கையெழுத்திட்டுத் தம் கூட்டத்துக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மாதக் கூட்டம் அதை மேல் கூட்டத்துக்கு அனுப்பியது, அதுவும் தனக்கு மேலே அனுப்பியது, ஒருவரும் முடிவெடுக்கவில்லை. அந்தக் குவேக்கர்களிலேயே அடிமைகளை வைத்திருந்தவர்கள் உண்டு. ஆயினும் தாள் கிழித்தெறியப்படவில்லை. 1844இல் கண்டெடுக்கப்பட்டு, மறுபடியும் காணாமற்போய், 2005இல் பிலடெல்பியாவின் கூட்ட இல்லமொன்றில் மீண்டும் கிடைத்தது. தம்மைக் குற்றவாளிகளாகக் காட்டும் தாளையும் சேர்த்து வைப்பதே ஆவணக் காப்பு. பெருமைக்குரியதை மட்டும் சேர்த்தால் அது விழா மலர்.

இந்த மரபின் பயனை அறிந்த ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். 1928இல் சென்னைக்கு ஆசிரியராக வந்து, பின்னர் குவேக்கராகி, சாந்திநிகேதன், சேவாகிராமம், கோத்தகிரி என்று தொண்டாற்றிய மார்ஜரி சைக்ஸ், இந்தியாவில் குவேக்கர்களின் மறக்கப்பட்ட நூற்றாண்டைப் பற்றி 1980இல் ஒரு நூல் எழுதினார். மறக்கப்பட்டதை மீட்க முடிந்ததற்குக் காரணம், மறந்தவர்கள் தாள்களை எறிந்துவிடாததுதான்.

நம்மிடம் எழுத்துப் பழக்கம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, 1870 முதல் 1940 வரையிலான தமிழகக் கிராமப் பஞ்சாயத்துகளின் வழக்குத் தாள்களைத் தேடிப் படியெடுத்தார்கள். ஊர்க்கூட்டம் கூடியது, விசாரித்தது, எழுதிக்கொண்டது. பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

வீடே ஆவணக்காப்பகம் என்பதற்குத் திருத்தணி முருகனோடு பிணைந்த ஒரு குடும்பமே சான்று. சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கில் காட்டப்பட்ட திருப்புகழ் அடி ஒன்றால் 1871இல் ஈர்க்கப்பட்டவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்பர். அவர் ஊர் ஊராகச் சுவடி தேடித் திருப்புகழைப் பதிப்பித்தார். அவர் மகன் ‘தணிகைமணி’ செங்கல்வராய பிள்ளை அதற்கு உரை கண்டார். அருணகிரிநாதர் பாடியவை 16,000 என்பது மரபு. கிடைத்தவை ஏறக்குறைய 1,300. யாரோ சிலர் வீட்டுப் பரணில் ஏட்டைக் காத்ததால் இவ்வளவாவது மிஞ்சியது.

திருத்தணிக்கு இதில் தனி அவசரம் உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீனுக்குள் இருந்த ஊர் அது. வடார்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டத்துக்கும், 1953இல் ஆந்திரத்துக்கும், வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960இல் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்துக்கும், 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் மாறியது. அலுவலகம் மாறுந்தோறும் ஓர் ஊரின் ஆவணத் தடம் அறுபடுகிறது. இத்தகைய ஊரின் தொடர்ச்சியான நினைவு அரசு அறைகளைவிட வீடுகளிலேயே இருக்கும், தமிழிலும் தெலுங்கிலும். எல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி.யின் பெயர் நிலைத்துவிட்டது. மங்கலங்கிழார் கிராமம் கிராமமாகத் தமிழ் கற்பித்ததும் ஓரளவு நினைக்கப்படுகிறது. அவரிடம் படித்தவர்களின் நோட்டுகள், சிறு கழகங்களின் கூட்டக் குறிப்புகள், உண்டியல் கணக்குகள் ஆகியவையே அப்போராட்டத்தின் அடித்தளத்தைக் காட்டக்கூடியவை. அதைக் கண்டவர்களின் தலைமுறை நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது.

தாள்களை வெளியே எடுத்தால் நிலத்தகராறும் சாதிச் சண்டையும் கிளம்பும் என்று தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் நியாயமானதே. ஆனால் காப்பது வேறு, வெளியிடுவது வேறு. இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆவணங்களைப் பெறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மூலத்தை வீட்டாரிடமே விட்டுவிட்டுப் படி மட்டும் எடுத்துக்கொள்ளவும் தடையில்லை.

அரசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரோஜா முத்தையா கோட்டையூரில் தனியொருவராகச் சேர்த்ததுதான், அவர் 1992இல் மறைந்த பின் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஊருக்கு இரண்டு இலக்கிய ஆர்வலர்கள், ஒரு கேமரா, என்ன தாள், யார் வீடு, எந்த ஆண்டு என்று குறித்துக்கொள்ள ஒரு பட்டியல். தொடங்க இது போதும். ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவில் திருத்தணியின் 365 படிகளிலும் பாடிக்கொண்டே ஏறும் பஜனைக் குழுக்கள் பல உண்டு. அவற்றின் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படியெடுப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.