எழுத்துரு மறைந்தால் எஞ்சுவது என்ன?
கணனியைப் பயன்படுத்துவோர் அதன் நுட்பங்கள் யாவற்றையும் கற்கவேண்டும் என்பாரோடு நாம் உடன்படோம். தையல் இயந்திரம் மிதிப்பவர் பொறியியலாளராக வேண்டியதில்லை. ஆயினும் ஊசியில் நூல்கோக்கவேனும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

எமது ஊர்ச்சங்க மலர்கள், கூட்டக் குறிப்புகள் பலவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. ஆங்கிலக் குறியீட்டின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவதே அதன் முறை. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் போர்வை நழுவிவிடும். 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாய்க் கிடக்கும். போரிலே பதிவேடுகளை இழந்த ஊர்களுக்கு இம்மலர்களிலுள்ள பெயர்களன்றி வேறு சாட்சி ஏது?

1991 இல் வெளியான யுனிக்கோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் இடம்பெற்றன. பழையவற்றை மாற்றித்தரும் செயலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும், "அது பிள்ளைகளின் வேலை" என்று பெரியோர் ஒதுங்குகின்றனர். பிள்ளைகள் பலருக்கோ கணனி தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. மாற்றும்போது ஒரு கொம்பு இடம்மாறி விழுந்தால் அவர்கள் கண்டறிவது எங்ஙனம்? கரும்பலகையன்றி வேறு கருவியறியாத எம்போன்றோரும் இரண்டு மாலைப்பொழுதுகளில் இதனைக் கற்றுக்கொண்டோம்.

சங்கச் செயலாளர்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னர் தத்தம் பழைய கோப்பொன்றைப் பிறரது கணனியில் திறந்து பார்ப்பார்களாக.