வெள்ளைத் தாளில் பிள்ளைகளின் சோற்றை எழுதிக் கொடுக்காதீர்கள்!



எமது பாடசாலையில் ஐந்தாம் தரம் படிக்கும் ஒரு பிள்ளை மூன்று வாரமாக வரவில்லை. விசாரித்தோம். தகப்பன் வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். தாயும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த டிவிஷனில் பாட்டியின் லயத்துக் காம்பராவில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். "பேசி முடிச்சாச்சு டீச்சர்" என்று அந்தத் தாய் ஒரு தாளைக் காட்டினார். இருவரும் பிரிய சம்மதம். பிள்ளைகளைத் தாய் பார்த்துக்கொள்வார். ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்கமாட்டார். கீழே சாட்சிக் கையொப்பம் யாருடையது? எமது சங்கத்தின் தோட்டத் தலைவருடையது!

வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்தான்.

அந்தத் தாள் விவாகரத்து அல்ல. பதிவு செய்த திருமணத்தை மாவட்ட நீதிமன்றம் மட்டுமே கலைக்க முடியும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் சோரம், வேண்டுமென்றே கைவிடுதல், தீராத ஆண்மையின்மை என்ற மூன்று காரணங்களே உண்டு. "ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்பது அதில் இல்லை. அதைவிட முக்கியம்: பிள்ளையின் தாபரிப்பு பிள்ளையின் உரிமை. அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடத் தாய்க்கே அதிகாரமில்லை என்றால், தலைவருக்கு எங்கிருந்து வந்தது?

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். அதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. திருமணம் பதியப்படாவிட்டாலும் பிள்ளைக்குத் தகப்பன் பொறுப்பு. 18 வயதைத் தாண்டிய பிள்ளையும் தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலையில் 25 வயது வரை கேட்கலாம். கட்டளையை மீறினால் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லவும், சிறைக்கு அனுப்பவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு.

"செக்ரோலில் பிடிப்பது கரைச்சல்" என்று சொல்வோரிடம் ஒன்று கேட்கிறோம். கடன் பிடிக்கிறீர்கள், முற்பணம் பிடிக்கிறீர்கள், எமது சங்கத்தின் சந்தாவும் மாதம் தவறாமல் அதே செக்ரோலில்தான் பிடிபடுகிறது. பிள்ளையின் அரிசிக்கு மட்டும் செக்ரோலில் இடமில்லையா?

"கோட்டுக்கு அலைந்தால் பேர் போய்விடும்" என்பது உண்மை. ஒரு தவணைக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. ஆனால் அது அந்தப் பெண்ணோடு நாமும் போவதற்கான காரணமே தவிர, அவளைப் போகவிடாமல் தடுப்பதற்கான காரணமல்ல. வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சிங்களம் புரியாதென்ற பயமும் வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழில் மனுக் கொடுக்கலாம். நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தர வேண்டியது அரசின் கடமை.

பிள்ளை யாரிடம் இருப்பது என்பதையும் தலைவர் வீட்டுத் திண்ணை தீர்மானிக்க முடியாது. தகப்பன் என்ற உரிமையைவிடப் பிள்ளையின் நலனே நீதிமன்றத்துக்குப் பெரிது.

சொத்து விடயத்தில்தான் எமது பெண்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கு, மலையகத்தில் எமக்குப் பொதுச் சட்டம். அதில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதே சொத்து. லயக் காம்பராவோ தோட்டத்துடையது. இருபது வருடம் கொழுந்து பறித்தவள் பிரிந்தால் சட்டிபானையோடு வெளியேறுகிறாள். நீதிபதி பங்கிட்டுக் கொடுக்க அங்கே என்ன இருக்கிறது? ஆகவே காணி உறுதி கணவன் பெயரில் மட்டும் எழுதப்படுவதை இனி நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எமது கோரிக்கைகள்:

1. எந்தத் தோட்டத் தலைவரும் தாபரிப்பை விட்டுக்கொடுக்கும் தாளில் சாட்சிக் கையொப்பம் போடக்கூடாது. போட்டவர் தோட்டக் கமிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

2. தாபரிப்பு வழக்குக்குப் போகும் பெண்ணோடு மாதர் பிரிவிலிருந்து ஒருவர் போக வேண்டும். அவர்களின் பஸ் செலவைச் சங்கம் தர வேண்டும்.

3. நீதிமன்றக் கட்டளை வந்தால் தோட்ட நிர்வாகம் அதை முதல் சம்பளத்திலேயே நிறைவேற்ற வேண்டும்.

4. வீடு, காணி உறுதிகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும்.

சம்பளத்துக்காகத் துரையிடம் உரத்துப் பேசுகிறோம். அந்தச் சம்பளம் பிள்ளையின் தட்டுக்குப் போகாதபோது மட்டும் ஏன் "குடும்ப விசயம்" என்று தலையைத் திருப்புகிறோம்? அந்தப் பிள்ளை மீண்டும் வகுப்புக்கு வர வேண்டும். அந்தத் தாளைக் கிழிக்கும் வேலையை எமது சங்கமே தொடங்கட்டும்.