லாபமே தராத பங்கு... வாங்கக் குவிந்த ரசிகர்கள்!

ஒரு பங்கின் விலை 300 டாலர். டிவிடெண்ட் கிடையாது. விலை ஏறாது. சந்தையில் விற்க முடியாது. மேட்ச் பார்க்க ஒரு இலவச டிக்கெட்கூட இல்லை. யாராவது வாங்குவார்களா? 2021-ல் வாங்கினார்கள், சுமார் 6.5 கோடி டாலருக்கு!

விற்றது ‘கிரீன் பே பேக்கர்ஸ்’. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சுமார் ஒரு லட்சம் பேர் வசிக்கும் கிரீன் பே ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி.

1919-ல் தொடங்கியபோது ஜெர்ஸி வாங்கவே காசில்லை. கர்லி லாம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த இறைச்சி பேக்கிங் கம்பெனியிடம் 500 டாலர் கேட்டு வாங்கினார். அணியின் பெயர் வந்தது அப்படித்தான். அந்த சீஸனில் கூட்டத்துக்குள் தொப்பியை நீட்டித்தான் வசூல்!

கடன் நெருக்கவே, 1923-ல் ஊர்ப் பிரமுகர்கள் கூடி, அணியை லாப நோக்கமற்ற அமைப்பாக மாற்றினார்கள். 5 டாலர் வீதம் 1,000 பங்குகள் விற்றன.

அடுத்த சோதனை 1930-களில். கேலரியிலிருந்து விழுந்த ரசிகர் வழக்குப் போட்டு, 5,000 டாலர் இழப்பீடு வென்றார். கட்டவேண்டிய இன்ஷூரன்ஸ் கம்பெனியோ மூடப்பட்டிருந்தது. அணி திவாலின் விளிம்புக்குப் போனது. 1935-ல் ஊர் மக்கள் 15,000 டாலர் திரட்டி மீட்டார்கள். 1950-ல் மறுபடி நெருக்கடி. இந்தமுறை 1,18,000 டாலர் சேர்ந்தது.

பங்குப் பணம் மட்டுமே அணியைக் காப்பாற்றிவிடவில்லை. டி.வி. ஒளிபரப்பு வருமானத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கும் முறை 1960-களில் வந்ததும்தான், இந்தச் சின்ன ஊர் பெருநகரங்களோடு போட்டி போட முடிந்தது. 1997, 2011-ல் விற்ற பங்குகளின் பணம் ஸ்டேடியத்துக்குப் போனது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆரம்பத்திலேயே போட்ட ஒரு விதி. அணியை விற்றாலும் பங்குதாரர்களுக்குப் பைசா வராது. பணம் பொதுக் காரியத்துக்குத்தான் போகும். விற்றால் லாபமில்லை என்றால், வேறு ஊருக்கு விற்க யாருக்கு மனசு வரும்? ஒருவரே பெரும்பங்கை வளைத்துப்போடவும் முடியாது. வரவு செலவையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள்.

இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல். ஊர் ஜனத்தொகையைப்போல ஐந்து மடங்கு! பலர் பங்குப் பத்திரத்தை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். லாபம் என்ன என்று கேட்டால், அணி இன்னும் அதே ஊரில்தான் ஆடுகிறது!