பொடக்காலியில் ஒரு கோடை

கோடை விடுமுறை என்கிறார்களே, அது யாருக்கு விடுமுறை என்று என்றைக்காவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடிவிடுகிறது. சரி. நமக்கோ அன்றைக்குத்தான் அடுப்பு காலையிலிருந்து இரவு வரை ஓயாமல் எரிய ஆரம்பிக்கிறது. போதாததற்கு, "அம்மா, போர் அடிக்குது!" என்ற பல்லவி வேறு. கைப்பேசியைக் கொடுத்தால் பல்லவி நின்றுவிடும். கூடவே குழந்தையின் பேச்சும் நின்றுவிடும்.

இந்தச் சங்கடத்துக்கு மருந்து தேடி நான் எங்கும் போகவில்லை. போன சித்திரையில் தேர் பார்க்க அவிநாசிக்குப் போன இடத்தில் அது தானாகவே கிடைத்தது.

கோயமுத்தூருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் அவிநாசியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்று சொல்லும் தலம் இதுதான். முன்பு கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது அதோடு சேர்ந்துகொண்டது. கருணாம்பிகை அம்மன் சந்நிதியில் கும்பிட்டு, தேர் வடத்தைத் தொட்டுவிட்டு, நேரே தோழியின் வீட்டுக்குப் போனேன்.

தோழி என்னோடு கல்லூரியில் படித்தவள். அவிநாசியில் வாழ்க்கைப்பட்டுப் பதினான்கு வருஷங்கள் ஆகின்றன. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். பத்து வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன். வீட்டை ஆள்வது மாமியார். வீட்டுக்குப் பின்புறத்தை ஆள்வதும் அவரே. நாம் கொல்லை என்றும் புழக்கடை என்றும் சொல்கிறோமே, அதற்குக் கொங்கு நாட்டில் 'பொடக்காலி' என்று பெயர். பெயர் எப்படியிருந்தால் என்ன? உள்ளே நுழைந்தவுடன் எனக்கு வெயிலே மறந்துபோயிற்று! ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பந்தலில் பீர்க்கன், கூரையில் பூசணி, பாத்தியில் கீரை. அத்தனையும் சித்திரை வெயிலில்!

"தண்ணீருக்கு என்ன அத்தை செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? மழையை மலைகள் மறித்துக்கொள்ளும் வறண்ட சீமை அது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக அந்த மக்கள் அறுபது வருஷங்களுக்கு மேல் குரல் கொடுத்தார்கள். பவானி ஆற்றின் உபரி நீரை இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பும் அந்தத் திட்டம், ஒரு வழியாக 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் குளம் நிறைவது வேறு, வீட்டுக் குடம் நிறைவது வேறு அல்லவா?

"ஒரு தண்ணியெ ரெண்டு தடவ பொழங்கோணும் கண்ணு. அவ்வளவுதான் சூட்சுமம்" என்றார் அத்தை.

அந்தச் சூட்சுமத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அரிசி களைந்த நீரும் காய்கறி அலம்பிய நீரும் கீரைப் பாத்திக்கு. குளித்த சோப்புத் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும். செடிகளின் அடியில் காய்ந்த சருகை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் மண் ஈரம் சீக்கிரம் வற்றாது. பூச்சுப் பூசாத பழைய மண் பானை இருக்கிறதா? அடியில் சிறு துளையிட்டு, துணித்திரி சொருகி, செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வையுங்கள். வேருக்கு வேண்டியதை மண் மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும். உச்சி வெயிலில் மட்டும் நீர் ஊற்றாதீர்கள், பாதி ஆவியாகிவிடும். விடியற்காலையோ, பொழுது சாய்ந்த பிறகோதான் ஊற்ற வேண்டும்.

கோடையில் எதைப் போடலாம் என்கிறீர்களா? சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்து இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். அரைக்கீரை வெட்ட வெட்டத் தழைக்கும். வெண்டை ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் காய்க்கும். கொத்தவரைக்கு வெயில் ஒரு பொருட்டே அல்ல. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 செடிமுருங்கை ஆறே மாதத்தில் காய்க்கத் தொடங்கும். அசுவினி தொல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். மாடி வீட்டுக்காரர்கள் மனம் சோர வேண்டாம். கீரைக்கு ஒரு சாண் ஆழத் தொட்டியே தாராளம்.

நான் போன அன்று தோழி ஒரு குறையோடு இருந்தாள். பூசணி பூத்துப் பூத்து உதிர்கிறதாம், பிஞ்சு ஒன்றுகூட இல்லையாம். அத்தை சிரித்துவிட்டார்.

"ஆம்பளப் பூவு உதுந்ததுக்குப் போயி அழுகறயே, அம்மிணி!"

விஷயம் இதுதான். பூசணிக் கொடியில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வது இயற்கை. பெண் பூ பின்னால் வரும்; அதன் அடியில் குட்டிப் பூசணி போல ஓர் உருண்டை இருக்கும். தேனீ வரத்துக் குறைந்துவிட்டால் நாமே தூது போக வேண்டியதுதான். காலையில் பூ விரிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டால் பிஞ்சு நிற்கும். மறுநாள் அந்தத் தூதுக்குக் குழந்தைகள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு, எழுப்பாமலே ஆறு மணிக்கு எழுந்ததைப் பார்க்க வேண்டுமே!

பகல் முழுவதும் வீட்டுக்குள்தான். மோர் விட்ட கம்பங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய். பிறகு பல்லாங்குழி. பதினான்கு குழிகள், புளியங்கொட்டைகள். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'. கணக்கென்றால் ஓடும் பையன், பசுவை விடக்கூடாது என்பதற்காக எட்டுக் குழி தள்ளி மனத்துக்குள்ளேயே எண்ணிவிடுகிறான்! அத்தை தாயக்கட்டையை உருட்டினால் பன்னிரண்டு கேட்டபோதெல்லாம் விழுகிறது. எப்படி என்று கேட்டால், "அது கட்டைக்கும் எனக்கும் ஒரு பேச்சு" என்கிறார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அன்று சாயங்காலம் பரணில் எதையோ தேடிய பெண் குழந்தை, ஒரு பழைய ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, இது என்ன?" என்றாள். தோழி பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன்: "அது ரிங் டென்னிஸ் வளையம். உங்கள் அம்மா எங்கள் கல்லூரியில் அதற்குப் பெயர் போனவள்."

குழந்தை தாயை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா விளையாடுவாங்களா?"

எத்தனை சின்னக் கேள்வி! என் தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். சமைக்கும் அம்மாவைத் தெரியும், வேலைக்குப் போகும் அம்மாவைத் தெரியும், அதட்டும் அம்மாவை நன்றாகவே தெரியும். விளையாடும் அம்மாவை அந்தக் குழந்தை பத்து வருஷத்தில் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. உங்கள் குழந்தை பார்த்திருக்கிறதா?

நானாக இருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன். அத்தையோ வேப்ப மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவே ஒரு கொடியை இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "அம்மிணி, அடுப்ப நான் பாத்துக்கறேன். நீ வா. நாங்கெல்லாம் நெலா வெளிச்சத்துல கும்மியடிச்சவீங்கதான்!"

ரிங் டென்னிஸுக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். கப்பல் தளத்தில் பிரயாணிகள் பொழுதுபோக்க ஆடியதிலிருந்து வளர்ந்த ஆட்டம் அது. ஜெர்மனியில் இன்றும் ஆடுகிறார்கள். முதல் உலகப் போட்டி 2006-ல் நம் சென்னையில்தான் நடந்தது. முறையான ஆடுகளம் 40 அடி நீளம், 18 அடி அகலம். வலை ஆறடி உயரம். வீட்டில் அதில் பாதி இடமும் ஒரு துணிக்கொடியும் போதும். வளையத்தை ஒரு கையால் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிய வேண்டும். கீழே விழுந்தால் எதிரிக்குப் புள்ளி. அவ்வளவே சட்டம்.

தோழி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். முதல் மூன்று வளையமும் கீழே விழுந்தன. நான்காவதைப் பிடித்து, கண் சிமிட்டும் நேரத்தில் என் இடப்பக்கம் வீசினாள் பாருங்கள், கல்லூரியில் என்னைத் தோற்கடித்த அதே வீச்சு! பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் அவர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். குழந்தை மட்டும் ஆடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசியை மறந்து, தன் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகோதரிகளே, தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு குறையும், ஆடினால் உடம்பு இளைக்கும் என்றெல்லாம் நான் ஆசை காட்டப்போவதில்லை. அவை கிடைத்தால் லாபம். நான் கேட்பது மாலையில் அரை மணி நேரம். அதைக் குழந்தைகளுக்காக என்று சொல்லிக்கொள்ளாமல், உங்களுக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாமியாராக இருந்தால், அந்த அரை மணிக்கு அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கணவருக்கும் அடுப்படிக்கு வழி தெரியாமல் இல்லை.

ஆனி மாதம் தோழியிடமிருந்து செய்தி வந்தது. பூசணி மூன்று காய்த்ததாம். ஆட்டத்துக்கு இப்போது ஏழு பேர் சேர்கிறார்களாம். பழைய வளையம் வெடித்துவிட்டதாம். திருப்பூரிலிருந்து புதிதாக இரண்டு வாங்கி வரும்படி சொன்னது அத்தையாம். ஒன்று ஆடுவதற்கு. மற்றொன்று? "பேத்தி கண்ணாலமாகிப் போறப்பக் கொண்டுபோகட்டும்" என்றாராம்.