நள்ளிரவில் எழுப்பும் கிழ நாய்

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இரவு என்பது பெயரளவில்தான். 1978-ல் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கிய தொழில் நகரைச் சுற்றி இன்று அடுக்குமாடிகள். அமெரிக்காவின் பகலுக்கு ஏற்ப வேலை செய்கிறவர்கள் பலர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்கள் ஆசையாக வாங்கிய லாப்ரடார் குட்டிகள் கிழடு தட்டத் தொடங்கிவிட்டன. தூக்கத்துக்குப் புது எதிரி அதுதான்.

ஒன்பதாவது மாடி, இரவு இரண்டு மணி. நாய் கதவைப் பிராண்டுகிறது. சங்கிலியைத் தேடி மாட்டி, லிஃப்டுக்குக் காத்திருப்பதற்குள் தரை நனைந்துவிடுகிறது. தனி வீடென்றால் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டால் போதும். இங்கே கீழே போனாலும் தெருநாய்கள் வழி மறிக்கும். மூன்று வாரம் இப்படிப் போனால், "வயசாயிடுச்சு, என்ன செய்ய?" என்ற பேச்சு வருகிறது. அடுத்து, "எங்கேயாவது விட்டுவிடலாமா?"

வயது ஒரு நோயல்ல. பத்து வருடம் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று இரவில் சிறுநீர் கழித்தால், அது திமிர் அல்ல, ஒரு அறிகுறி.

முதலில் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். உங்களை எழுப்பிக் கேட்கிறதா? அப்படியானால் சிறுநீர் அதிகம் உற்பத்தியாகிறது, அல்லது சிறுநீர்ப்பையில் தொற்று இருக்கலாம். தூங்கும்போதே படுக்கை நனைகிறதா? தசை தளர்ந்து, தன்னையறியாமல் கசிகிறது. கருத்தடை செய்த பெண் நாய்களிடம் இது சகஜம், பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். விழித்தபடியே ஹாலில் கழித்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் சுவரைப் பார்த்து நிற்கிறதா? மூளை முதுமையாக இருக்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், 11-12 வயது நாய்களில் 28 சதவீதமும் 15-16 வயதில் 68 சதவீதமும் இத்தகைய மறதி அறிகுறி ஒன்றையாவது காட்டின.

அடுத்து, தண்ணீரை அளக்க வேண்டும். காலையில் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மிச்சத்தைக் கழியுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 25 கிலோ நாய் இரண்டரை லிட்டரைத் தாண்டினால், அது அதிகம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குஷிங் நோய் என்று மருத்துவர் தேடத் தொடங்குவார். அரிப்புக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையும் காரணமாகலாம். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் தாமதிக்கவே கூடாது: கருப்பையில் சீழ் பிடித்தாலும் தாகம் கூடும், உயிருக்கே ஆபத்து. முக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி நகரின் மறுகோடி; இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை அருகில் எது என்று இன்றே விசாரித்து எண்ணைக் குறித்துவைப்பது நல்லது.

பலர் செய்யும் வைத்தியம், மாலையோடு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவது. சிறுநீரகம் பழுதான நாய்க்கு இது தண்டனை மட்டுமல்ல, ஆபத்து. அதற்குப் பதிலாகச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, கடைசி நடையைப் பதினொரு மணிக்குத் தள்ளலாம். நாய் எழுப்புவது இரண்டு மணிக்கென்றால் ஒன்றரைக்கு அலாரம் வையுங்கள். வீட்டில் இருவர் முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் வேலை கெடாது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இது இன்னும் சுலபம்.

லிஃப்டுக்குப் பதில் பால்கனி. அகலமான பிளாஸ்டிக் தட்டில் புல்பாத்தி போட்டு, முதலில் பகலில் பழக்குங்கள். நாயின் சிறுநீர் நனைத்த காகிதம் ஒன்றை அதில் வைத்தால் சீக்கிரம் புரிந்துகொள்ளும். கழுவிய தண்ணீர் கீழ் வீட்டுத் துணியில் சொட்டக்கூடாது.

இன்னொரு எதிரி வழவழப்பான டைல்ஸ். மூட்டுவலி உள்ள நாய் சறுக்கலுக்குப் பயந்து எழாமலே இருந்துவிடும். படுக்கையிலிருந்து பால்கனிவரை ரப்பர் பாய், ஒரு சிறு விளக்கு; இதுவே பாதித் தொல்லையைத் தீர்க்கலாம். வலிக்கு நம் வீட்டு மாத்திரை வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். டயபர் கட்டினால் அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோல் புண்ணாகும். அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் சிறுநீர் வாசனைபோல் இருந்து அதே இடத்துக்கு அழைக்கும். என்ஸைம் கலந்த திரவம் வாங்குங்கள்.

குடியிருப்போர் சங்கம் முறைத்தால்? நாய் வளர்ப்பதையோ லிஃப்டில் கூட்டிப்போவதையோ தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் சுற்றறிக்கை அனுப்பியது. நாய்க்குத் தடை போடும் சங்க விதி செல்லாது என்று 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் லிஃப்டில் சொட்டியதைத் துடைக்க வேண்டியவர் நீங்கள்தான், வாட்ச்மேன் அல்ல. கையில் ஒரு பழைய துண்டு இருந்தால் பாதிச் சண்டை வராது.

நாயைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி காரணமின்றிக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான். சட்டத்துக்குப் பயந்து யாரும் கிழ நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் முடிவு வீட்டுக்குள்தான் எடுக்கப்படுகிறது, அதுவும் தூக்கம் கெட்ட எரிச்சலில். அந்த முடிவுக்கு முன்னால் ஒரு நாள் தண்ணீரை அளந்து, காலைச் சிறுநீரை ஒரு சுத்தமான கரண்டியில் பிடித்து, பாட்டிலில் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். நீங்கள் 'வயசு' என்று நினைத்தது ஒரு வார மாத்திரையில் தீரும் தொற்றாகவும் இருக்கலாம்.